இந்த முறை உண்மையாய் ஒழுகுது

வியாழக்கிழமை மத்தியானம் செபமாலைமுத்து சொன்ன பொய், வெள்ளிக்கிழமை காலை உண்மையாகிவிட்டது. வாய்முகூர்த்தம் என்பார்களே, அதுதான். நல்ல வார்த்தைக்கு வராத வாய்முகூர்த்தம் இப்படியான வார்த்தைக்கு மட்டும் எங்கிருந்துதான் ஓடிவருகிறதோ.

பொய் ஒன்றும் பெரிய பொய் இல்லை. தெற்கு லண்டன், கோலியர்ஸ் வுட்டில் இருக்கும் தங்கை எமில்டா போன் எடுத்து, "அண்ணை, இண்டைக்குப் பின்னேரம் கோயிலிலை ஒத்திகை. மறந்திடாதேங்கோ" என்றாள். சனிக்கிழமை அவளுடைய மகள் கிளறிற்றாவுக்குக் கல்யாணம். பிள்ளைக்குத் தகப்பன் இல்லை, போய் நாலு வருடம். கோயில் வாசலிலிருந்து பீடம்வரைக்கும் அவளைக் கைபிடித்து நடத்திக்கொண்டு போகவேண்டியவர் தாய்மாமனான செபமாலைமுத்துதான். எப்படி நடப்பது, எங்கே நிற்பது, எந்த இடத்தில் பிள்ளையின் கையை மாப்பிள்ளையிடம் கொடுப்பது என்று காட்டித்தரவே அந்த ஒத்திகை. செபமாலைமுத்து ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"எமில்டா, பொயிலர் ஒழுகுது. விட்டிட்டு வர ஏலாது" என்றார்.

பொயிலர் பாவம், அது தன் பாட்டில் வெளியே எரிந்துகொண்டிருந்தது. அதில் ஒரு சொட்டு ஒழுகவில்லை. அன்றைக்கு மட்டுமல்ல, பதினொரு வருடமாக ஒழுகவில்லை.

எட்மண்டனுக்கும் வடக்கே, லண்டன் 'இதோ முடிகிறேன், முடிகிறேன்' என்று சொல்லிக்கொண்டு முடியாமல் இழுபடுகிற இடத்தில், ரங்கராஜன் என்ற சென்னைக்காரருக்கு மூன்று கிளாஸ்ஹவுஸ்கள், கன்று வளர்க்கும் கண்ணாடி வீடுகள், இருக்கின்றன. கறிவேப்பிலைக் கன்று, முருங்கைக் கன்று, மல்லிகை, வெற்றிலைக்கொடி. ஈஸ்ட் ஹாமிலும் டூட்டிங்கிலும் தமிழ்க்கடை வாசல்களில் சின்னத் தொட்டிக்குள் நடுங்கிக்கொண்டு நிற்கும் கறிவேப்பிலைகளில் பாதி இங்கே முளைத்தவை. இந்த நாட்டு மாரிக் குளிரில் அதுகள் உயிரோடிருக்கச் சூடு வேண்டும். அந்தச் சூட்டைத் தருவது வெளியில் நிற்கும் விறகுப் பொயிலர். தூரத்திலிருந்து பார்த்தால் புகைபோக்கி வைத்த தகரக் கொட்டில் மாதிரி இருக்கும். உள்ளே இரும்பு அடுப்பு. அடுப்பைச் சுற்றி இரட்டைச் சுவருக்குள் தண்ணீர். அந்தச் சுடுதண்ணீர் மண்ணுக்கடியில் குழாய் வழியே போய், கன்றுகளின் காலடியைச் சுற்றிவிட்டுத் திரும்பவும் வந்து சேரும். காலையும் பின்னேரமும் ஆள் நின்று விறகு போடவேண்டும். அந்த ஆள் செபமாலைமுத்து. பொயிலருக்குப் பக்கத்தில் ஒரு பழைய கரவன் வண்டி நிற்கிறது. அவருடைய வீடு அதுதான்.

இரும்பையும் தண்ணீரையும் நெருப்பையும் ஒரே இடத்தில் கட்டிவைத்தால் இரும்புதான் தோற்கும். தோற்காமல் பார்த்துக்கொள்வது ஒரு பிள்ளை வளர்க்கிற வேலை. தண்ணீருக்குள் துருப்பிடிக்காத மருந்து விடவேண்டும். மருந்து குறையாமலிருக்கிறதா என்று வருடத்துக்கு இரண்டு தரம் தண்ணீரைப் போத்தலில் பிடித்துச் சோதனைக்கு அனுப்பவேண்டும். செபமாலைமுத்து தன்னுடைய இரத்தத்தைச் சோதித்து எத்தனையோ வருடம், பொயிலர் தண்ணீருக்கு மட்டும் ஒரு தவணை தப்பியதில்லை. பைப்பைத் திருப்பிச் சும்மா சும்மா புதுத்தண்ணீர் விடக்கூடாது. புதுத்தண்ணீரோடு காற்று வரும், காற்று வந்தால் துரு வரும், போதாததற்கு லண்டன் தண்ணீரின் சுண்ணாம்பு வேறு. பச்சை விறகு போடக்கூடாது. அடுப்பை ஆறவிட்டு ஆறவிட்டு எரிக்கக்கூடாது, சுவரில் தார் மாதிரிப் படிந்து அதுவும் அரிக்கும். குளிர்காலம் முடிந்ததும் சாம்பலை ஒட்ட வழித்து, சுவரைச் சுரண்டி, எண்ணெய் பூசி, புகைபோக்கிக்கு மூடி போட்டுவிடவேண்டும். இவ்வளவையும் ஒன்று விடாமல் செய்து ஒரு பொட்டுத் துளையில்லாமல் காப்பாற்றி வைத்திருந்த பொயிலரைத்தான், செபமாலைமுத்து சொந்தபந்தம் முழுக்க 'ஒழுகல் பொயிலர்' என்று பேர் கெடுத்து வைத்திருந்தார்.

கல்யாணமா, பொயிலர் ஒழுகுது. பிறந்தநாளா, பொயிலர் ஒழுகுது. எமில்டாவின் புருசன் செத்தபோது மட்டும் போனார். சாவுக்குச் சொல்லாமலே போகவேண்டும் என்பது வழக்கமல்லவா, அதைத் தட்ட மனம் வரவில்லை. பூசைக்குக் கடைசியாய்ப் போய்க் கடைசி வாங்குப் பலகையோரம் நின்றுவிட்டு, மண் போட்ட கையோடு, "பொயிலர் கொஞ்சம் பிழை" என்று முணுமுணுத்துக்கொண்டு ரெயின் ஏறிவிட்டார்.

இதெல்லாம் எதற்கு என்றால், அஜந்தாவுக்காக. அஜந்தா அவருடைய மனைவி. ஒன்பது வருடத்துக்கு முன்னால், தமக்கைக்குச் சுகமில்லை, ஒரு மாதம் நின்றுவிட்டு வாறன் என்று ரொறன்ரோவுக்குப் போனாள். சண்டையில்லை, சச்சரவில்லை. ஒரு மாதம் மூன்று மாதமாயிற்று. பிறகு ஒரு நாள் போனில், "நான் இஞ்சையே நிக்கிறன். உங்களிலை ஒரு கோபமும் இல்லை" என்றாள். கோபம் என்றாலாவது சமாதானம் செய்யலாம். கோபமே இல்லை என்று சொல்லிவிட்டுப் போகிறவளை என்ன சொல்லித் திருப்புவது? இவருக்குத் தெரியவில்லை. பிள்ளைகளும் இல்லை. ஈஸ்ட் ஹாமில் இருந்த வாடகை வீட்டை விட்டுவிட்டு, அதற்கு முன்பிருந்தே வேலைக்கு வந்துபோன இந்த இடத்துக்கே கரவனோடு வந்து சேர்ந்தார்.

அவர் தனிமையைத் தாங்கிக்கொண்டார். அவருக்குத் தாங்க முடியாமல் போனது ஒரே ஒரு கேள்வி. "அஜந்தா எப்ப வாறா?" கோயிலில் கேட்டார்கள், ஹோலில் கேட்டார்கள், சோற்றுக் கோப்பையோடு வரிசையில் நிற்கும்போது முன்னாலும் பின்னாலும் கேட்டார்கள். கடைசியாகக் கேட்டவர் தவராசா, மன்னாரில் பக்கத்து வளவுக்காரர், வயதில் மூத்தவர். ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில், ஒரு நகைக்கடை வாசலில் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "அடுத்த சமர் லீவுக்கு வருவா" என்று சொன்ன செபமாலைமுத்து, அன்றைக்கு வீட்டுக்கு வந்து, இனி ஒரு கூட்டத்துக்கும் போவதில்லை என்று முடிவெடுத்தார். அன்றிலிருந்து பொயிலர் ஒழுகத் தொடங்கியது.

ஆனால் கிளறிற்றா கேட்டபோது அவர் மறுக்கவில்லை. போன மே மாதம் நேரிலேயே வந்து கேட்டாள். "ஓம் பிள்ளை" என்று சொன்னார், சொன்னதை எட்டு மாதமாக மனசுக்குள் வைத்துப் பார்த்துப் பார்த்துச் சந்தோசப்பட்டார். கூட்டம் வேறு, பிள்ளை வேறு. சின்ன வயதில் எமில்டா ஷிப்டுக்குப் போகிற சனி ஞாயிறுகளில் அவரோடும் அஜந்தாவோடும் வளர்ந்தவள் அவள். அவளைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த நடு வழியால் நடக்கிற ஒன்றரை நிமிடத்துக்காக இருநூறு பேருடைய கேள்வியையும் விழுங்கிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தார். ஒத்திகை என்றதும் பழக்கதோசத்தில் வாய் முந்திக்கொண்டது, அவ்வளவுதான். ஒத்திகை போனால் போகட்டும், கல்யாணத்துக்கு நிற்பேன் என்று தனக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டு படுத்தார்.

வெள்ளி காலை விறகு போடப் போனவர், பொயிலரின் தலையில் தண்ணீர் மட்டம் காட்டுகிற கம்பியைப் பார்த்தார். கம்பி இறங்கியிருந்தது. சரி, குளிரில் தண்ணீர் சுருங்கியிருக்கும் என்று நினைத்தார். கதவைத் திறந்தார். பின்மூலையில் சாம்பல் கறுத்து நனைந்து கிடந்தது. காதைக் கொடுத்தார். தணலுக்குள்ளிருந்து மெல்லிய ஒரு சீறல்.

'வேர்வை' என்றார் தனக்குத்தானே. அதுவும் நடக்கிறதுதான். சுவர் குளிர்ந்திருந்து நெருப்புப் பற்றும்போது உள்பக்கம் வேர்க்கும், தண்ணீர் வழியும், பழக்கமில்லாதவன் ஒழுக்கு என்று பயந்துவிடுவான். சூடேறினால் காய்ந்துவிடும். செபமாலைமுத்து நல்ல காய்ந்த விறகாய்ப் போட்டு நெருப்பை ஏற்றினார். சூடு காட்டுகிற முள் எண்பது பாகைக்கு ஏறியது. மற்ற மூன்று மூலையும் காய்ந்து வெளுத்தன. பின்மூலை மட்டும் காயவில்லை. பொட்டுப் பொட்டாய்த் தண்ணீர் வந்துகொண்டேயிருந்தது.

அவர் நனைந்த சாம்பலுக்கு முன்னால் குந்திக்கொண்டிருந்தார். சிரிக்கவும் தோன்றியது, அழவும் தோன்றியது. பிறகு போனை எடுத்தார்.

"எமில்டா, பொயிலர் ஒழுகுது" என்றார். "இந்த முறை உண்மையாய் ஒழுகுது."

சொல்லிமுடித்த பிறகுதான் சொன்னது அவருடைய காதிலேயே விழுந்தது. அங்கே குசினியில் பெண்கள் கதைக்கிற சத்தமும், எண்ணெய்ச் சட்டியில் ஏதோ பொரிகிற சத்தமும் கேட்டன.

"அப்ப நேற்று?" என்றாள் எமில்டா.

அவர் நனைந்த சாம்பலைக் குச்சியால் கிளறினார்.

"பிள்ளையின்ரை இருபத்தொராவது பிறந்தநாளுக்கு? றொமேஷ் பட்டம் எடுத்ததுக்கு?"

றொமேஷ் அவளுடைய மகன், கிளறிற்றாவுக்கு இளையவன். அவன் பட்டமளிப்பு உடுப்போடு நிற்கிற படம் ஒன்று கரவனில் ஒட்டியிருக்கிறது, தபாலில் வந்தது.

"சரி அண்ணை" என்றாள் எமில்டா. குரலில் ஒரு சூடும் இல்லை. "நீங்கள் வேலையைப் பாருங்கோ. றொமேஷ் கூட்டிக்கொண்டு போவான். நாங்கள் எப்பிடியும் அவனைத்தான் ரெடியாய் வைச்சிருந்தனாங்கள்."

எப்படியும் அவனைத்தான். அந்தச் சொல் அவரைச் சுட்டது. அவள் கத்தியிருந்தால், 'நீயும் ஒரு மனுசனோ' என்று கேட்டிருந்தால், இந்த அளவுக்கு வலித்திருக்காது. அவர்கள் கோபப்படவில்லை. அவரை நம்பாமலே, அவருக்கு நோகாமலே, வேறு ஒழுங்கு செய்து வைத்துவிட்டார்கள்.

அரை மணித்தியாலத்தில் கிளறிற்றா போன் எடுத்தாள். லண்டனில் பிறந்து வளர்ந்த பிள்ளையின் தமிழ் அது.

"மாமா, அம்மா சொன்னா. ரெண்டு மணிக்கு ஸ்டார்ட். நான் வாசல்ல வெயிட் பண்ணுவன், ஓகே?"

"நீ றொமேஷோடை போ பிள்ளை. இஞ்சை சாமான் உடைஞ்சுபோய்க் கிடக்குது. இரவுக்கு மைனஸ் அஞ்சாம்."

"நான் றொமேஷைக் கேக்கேல்ல. உங்களைத்தான் கேட்டனான். நான் வெயிட் பண்ணுவன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அதன் பிறகு செபமாலைமுத்து பம்பரமாகச் சுழன்றார். நெருப்பைத் தணித்துக் குறைந்த சூட்டில் வைத்தார். கன்றுகளையெல்லாம் நடுக் கிளாஸ்ஹவுஸுக்கு மாற்றி, மண்ணெண்ணெய் ஹீட்டர் இரண்டைக் கொண்டுவந்து வைத்தார். பொங்கலுக்கென்று சென்னைக்குப் போயிருந்த ரங்கராஜனுக்குச் சொன்னார். "வெல்டரைக் கூப்பிடுங்க சார். நீங்க கல்யாணத்துக்குப் போங்க முதல்ல, கன்னு போனா வேற கன்னு" என்றார் ரங்கராஜன். நல்ல மனுசன்தான். எட்மண்டனிலிருக்கும் வெல்டர் நிஷாந்தனுக்கு அன்றைக்கு வேறு வேலை, சனி விடியத்தான் வர ஏலும் என்றான்.

சனிக்கிழமை சொன்னபடியே வந்தான். முப்பத்தைந்து வயதுக்காரன், வானுக்குள் ஒரு பட்டறையையே வைத்திருந்தான். நெருப்பை முன்னமே அணைத்துச் சாம்பலை அள்ளி வைத்திருந்தார் செபமாலைமுத்து. இருவருமாகத் துளைக்குக் கீழே மட்டம் இறங்கும்வரை தண்ணீரைக் கழுவிய பீப்பாக்களில் பிடித்தார்கள். மருந்து கலந்த தண்ணீர், அதைக் கொட்டிவிட்டுப் பச்சைத்தண்ணீர் விடுவது பிள்ளைத்தாய்ச்சியைப் பட்டினி போடுவது மாதிரி. நிஷாந்தன் தலையை உள்ளே நுழைத்துப் பின்மூலையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தான். ஒரு பொட்டுத் துளை என்று நினைத்த இடத்தைச் சுற்றி, ஒரு கையகலத்துக்கு இரும்பு அரித்து மெலிந்து போயிருந்தது.

"அண்ணை, மற்ற இடமெல்லாம் புதுசு மாதிரிக் கிடக்குது. இந்த மூலை மட்டும் எப்பிடி?" என்றான் உள்ளேயிருந்து. "கோடைக்குச் சாம்பல் அள்ளாமல் விட்டனீங்களோ? சாம்பல் காத்திலை இருக்கிற ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு இரும்பைத் தின்னுமெல்லோ."

"நான் அள்ளாமல் விடுறதில்லை" என்றார் செபமாலைமுத்து ரோசத்தோடு.

சொல்லிக்கொண்டிருக்கும்போதே மே மாதம் நினைவுக்கு வந்தது. அன்றைக்குச் சாம்பல்தான் வழித்துக்கொண்டிருந்தார். முன்பக்கம் முடிந்து பின்மூலைக்கு வரும்போது ஒரு கார் வந்து நின்றது. சொல்லாமல் கொள்ளாமல் கிளறிற்றா இறங்கினாள், பின்னால் மாப்பிள்ளைப் பெடியன். பதினொரு வருடத்தில் அவரைப் பார்க்கவென்று அந்த இடத்துக்கு வந்த முதல் சொந்தம். அவர் முகமெல்லாம் கரியோடு எழும்பி, கதவைப் படாரென்று சாத்திவிட்டு ஓடினார். கை கழுவினார், தேத்தண்ணீர் போட்டார், இருந்த இரண்டு கதிரையையும் அவர்களுக்குக் கொடுத்துவிட்டுத் தான் ஒரு வாளியைக் கவிழ்த்து அதில் இருந்தார். "மாமா, நீங்கதான் என்னைக் கூட்டிக்கொண்டு போகணும்" என்றாள். போகும்போது ஒரு கறிவேப்பிலைக் கன்றைக் காருக்குள் ஏற்றிவிட்டு, கார் மறைந்த பிறகும் றோட்டிலேயே நின்றார். அந்தச் சந்தோசத்தில் பொயிலர் ஞாபகம் வரவேயில்லை. மறுநாள் புகைபோக்கிக்கு மூடி போட்டார், எல்லாம் முடித்துவிட்ட நினைப்பில். கோடை முழுக்க அந்த மூலைச் சாம்பல் இருட்டுக்குள் இருந்து ஈரம் குடித்திருக்கிறது.

வாழ்க்கையில் ஒரு நாள் சந்தோசமாக இருந்ததற்கு இந்த இரும்பு இப்படிப் பழி வாங்கவேண்டுமா?

"ஒருக்காய் விட்டிட்டன் போலை" என்றார் நிஷாந்தனிடம்.

நிஷாந்தன் கெட்டிக்காரன். மெலிந்த இரும்பு முழுவதையும் வெட்டியெடுத்து, மூலைகளை வட்டமாய்த் தீட்டிய புதுத் தகடு ஒன்றை வைத்து ஒட்டினான். வெறும் துளையை அடைத்தால் பக்கத்தில் இன்னொன்று திறக்கும் என்றான். வேலை முடியப் பதினொன்றரை. பீப்பாத் தண்ணீரைத் திரும்ப ஏற்றினார்கள், மருந்துக் கணக்குச் சரி பார்த்தார்கள், நெருப்பு மூட்டினார்கள்.

"அண்ணை, ரெண்டு மணிக்கெல்லோ கல்யாணம்? வெளிக்கிடுங்கோ. நான் பின்னேரம்வரை நிக்கிறன். எனக்கு இண்டைக்கு வேறை வேலையில்லை."

கடவுளாய்ப் பார்த்துத் திறந்த வாசல் அது. உடனே வெளிக்கிட்டிருந்தால் நேரத்துக்குப் போயிருக்கலாம். செபமாலைமுத்து பொயிலருக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தார்.

"பாரும், ஈரம் தெரியுது."

"அண்ணை, அது வேர்வை. சூடேறினால் காஞ்சிடும். உங்களுக்குத் தெரியாததோ?"

தெரியாததா? நேற்றுக் காலை ஒழுக்கைப் பார்த்து வேர்வை, வேர்வை என்று தன்னை ஏமாற்றிக்கொண்டவர்தான், இன்றைக்கு வேர்வையைப் பார்த்து ஒழுக்கோ ஒழுக்கோ என்று குந்திக்கொண்டிருந்தார். காயட்டும், காய்ந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போகிறேன் என்றார். உண்மையில் அவருக்குப் பயம் பிடித்திருந்தது. எட்டு மாதமாக விழுங்கிவிடலாம் என்று நினைத்திருந்த கேள்வி இப்போது தொண்டைக்குள் முள்ளாய் நின்றது. கோயில் வாசலில் இருநூறு பேர், இருநூறு வாயிலும் அஜந்தா. அதோடு நேற்றிலிருந்து எமில்டாவுக்கு அவர் பொய்யன் என்றும் தெரியும். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? பொயிலருக்கு முன்னால் குந்தியிருக்கும்வரை ஒருவரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள்.

ஈரம் காய்ந்தது. புதுத் தகடு மற்றச் சுவரைப் போலவே உலர்ந்து வெளுத்தது. இனிப் பார்க்க ஒன்றுமில்லை. மணி பன்னிரண்டே முக்கால்.

அப்போதுதான் அவருக்குத் திடுக்கிட்டது. வாசலில் வெயிட் பண்ணுவேன் என்று சொன்ன பிள்ளையின் முகம் வந்தது. கரவனுக்குள் ஓடிக் கோட்டையும் சூட்டையும் மாட்டினார், நகக்கண்ணில் கரி போகவில்லை. நிஷாந்தன் வானில் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் விட்டான். கண்ணுக்கு முன்னால் ஒரு ரெயின் போனது. அடுத்த ரெயினுக்கு அரை மணித்தியாலம். மேடையில் குளிருக்குள் நின்றுகொண்டு எமில்டாவுக்குப் போன் அடித்தார், எடுக்கவில்லை. கிளறிற்றாவுக்கு அடித்தார், கல்யாணப்பெண் எந்தக் கையில் போனை வைத்திருப்பாள்? 'வாறன்' என்று ஒரே ஒரு சொல்லைத் தட்டி அனுப்பினார். ரெயினில் உட்கார முடியவில்லை. அண்டர்கிரவுண்டில் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கதவு திறந்து மூடுகிற நேரம் அவருக்கு முடிவில்லாமல் நீண்டது. கோலியர்ஸ் வுட்டில் இறங்கி, அறுபது கடந்த காலோடு கோயிலுக்கு ஓடினார்.

வாசலில் ஒருவரும் இல்லை. பூவிதழ்கள் கொஞ்சம் படியில் மிதிபட்டுக் கிடந்தன. உள்ளே பாட்டுச் சத்தம் கேட்டது.

கதவை மெல்லத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். பிள்ளை பீடத்துக்குப் போய்விட்டாள். வெள்ளைச் சேலையும் வெள்ளை முக்காடுமாக மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நின்றாள். முதல் வாங்கில் எமில்டாவும், கோட்டில் பூக் குத்திய றொமேஷும். நடுவழி காலியாகக் கிடந்தது.

செபமாலைமுத்து கடைசி வாங்கில் போய் நின்றார். அங்கே ஏற்கெனவே நின்ற ஆள் நகர்ந்து இடம் விட்டார். தவராசா. தலை முழுக்க நரைத்து, கைத்தடியோடு நின்றார். இதோ கேட்கப்போகிறார் என்று செபமாலைமுத்து காத்துக்கொண்டு நின்றார். பாட்டு முடிந்து எல்லோரும் அமர்ந்தார்கள். தவராசா கேட்கவில்லை. வாசகம் வாசித்தார்கள். அப்போதும் கேட்கவில்லை. கடைசியில் இவருக்குத்தான் பொறுக்கவில்லை.

"அஜந்தா வரேல்லை" என்றார் தாழ்ந்த குரலில். "அவ இனி வரமாட்டா அண்ணை."

"தெரியும்" என்றார் தவராசா, பீடத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

"இல்லை, நான் சொல்லுறது, நிரந்தரமாய்..."

"தெரியுமடாப்பா. அவ வெளிக்கிட்டுப் போன அந்த வருசமே எல்லாருக்கும் தெரியும். என்ரை மனிசியின்ரை தங்கச்சியும் அவவும் ரொறன்ரோவிலை ஒரே கோயிலுக்கெல்லோ போறவை."

செபமாலைமுத்து அவரைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப ஏன் கேட்டனீங்கள்? எல்லாரும் ஏன் கேட்டவை, எப்ப வாறா, எப்ப வாறா எண்டு?"

தவராசா இப்போதுதான் முகத்தைத் திருப்பினார். அவருக்கு உண்மையிலேயே விளங்கவில்லை.

"வேறை என்னத்தைக் கேக்கிறது? கண்டால் சுகமோ எண்டு கேக்கிறமெல்லோ, அதுமாதிரித்தான். நீர் வருவா எண்டு சொன்னீர், நாங்களும் சரியெண்டு விட்டனாங்கள். அதைப் பெரிசாய் ஆர் நினைச்சது?" பிறகு ஏதோ ஞாபகம் வந்தவர் போலக் குனிந்து, "பிள்ளை வாசலிலை கால்மணித்தியாலத்துக்கு மேலை நிண்டவள். இந்தக் குளிருக்குள்ளை, அந்த மெல்லிய சேலையோடை. தாய் கூப்பிட்டும் வரேல்லை, தம்பி கூப்பிட்டும் வரேல்லை. மாமா வாறார், மாமா வாறார் எண்டுகொண்டு நிண்டவள். சுவாமியார் வந்து, இனிப் பிந்த ஏலாது பிள்ளை எண்டு சொன்ன பிறகுதான் உள்ளை போனவள்" என்றார்.

செபமாலைமுத்துவுக்குக் கண் நிறைந்தது. கால்மணித்தியாலம். காய்ந்துவிடும் என்று தெரிந்த ஈரத்துக்கு முன்னால் அவர் அதைவிடக் கூடுதலான நேரம் குந்திக்கொண்டிருந்தார்.

முன்னால் சுவாமியார் கையை உயர்த்தினார். தாலி கட்டுகிற நேரம். எல்லோரும் எழுந்து நின்றார்கள், செபமாலைமுத்துவும் வாங்கைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அத்தனை தலைகளுக்கும் மேலால் கிளறிற்றாவின் முக்காடு மட்டும் தெரிந்தது. ஒருதரம் திரும்பிப் பார்த்திருந்தாளானால் அவர் நிற்பது தெரிந்திருக்கும். அவள் திரும்பவில்லை. திரும்பித் திரும்பிப் பார்க்கிற நேரத்தையெல்லாம் அவள் வாசலிலேயே முடித்துவிட்டுத்தான் உள்ளே வந்திருந்தாள்.